வீடியோவுக்கு எந்தக் கேமரா? எது எங்கே காலை வாரும் என்று பார்த்து முடிவெடுப்போம்

"போனே போதுமா, மிரர்லெஸ் வாங்கலாமா?" "பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, வீடியோவுக்கு ஆகுமா?" "கேம்கார்டரை இந்தக் காலத்தில் யாராவது வாங்குகிறார்களா?" வீடியோ எடுக்கத் தொடங்குகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். (டிஎஸ்எல்ஆர் என்பது லென்ஸுக்குப் பின்னால் கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா; அந்தக் கண்ணாடி இல்லாதது மிரர்லெஸ்; வீடியோவுக்கென்றே செய்தது கேம்கார்டர்.) கேட்பதற்கு முன்பே ஒப்பீட்டு வீடியோக்கள் பலவற்றைப் பார்த்துக் குழம்பியிருப்பார்கள். அந்த வீடியோக்கள் ஒவ்வொரு கருவியையும் அதன் நல்ல நேரத்தில் காட்டுகின்றன: போதிய வெளிச்சம், அசையாத ட்ரைபாட், பத்து விநாடித் துண்டு. அப்படி எடுத்தால் இன்று விற்கும் எந்தக் கருவியும் நன்றாகவே எடுக்கும்.

நிலைமை கெடும்போதுதான் வித்தியாசம் தெரியும். ஒரு மணி நேரப் பேச்சின் பாதியில் ஒன்று சூடாகி நின்றுவிடும். மேடை விளக்கு மங்கியதும் இன்னொன்றின் படம் பொரிப்பொரியாக உதிரும். வேறொன்றில் படம் அற்புதமாக இருக்கும், பேசியது மட்டும் காதில் விழாது. ஆகவே எது அழகாக எடுக்கிறது என்பதை ஓரமாக வைத்துவிட்டு, எது எந்த இடத்தில் காலை வாரும், நம் வேலை அந்த இடத்துக்குப் போகுமா என்று பார்ப்போம்.

## முதலில் ஐந்து கேள்விகள்

விடாமல் எவ்வளவு நேரம் ஓட வேண்டும்? பலரும் இதைக் கேட்டுக்கொள்வதே இல்லை. என் கணக்கில் இதுதான் முதல் கேள்வி. அரை நிமிடத் துண்டுகளாக எடுத்து ஒட்டப் போகிறவருக்கும், ஒன்றரை மணி நேர நிகழ்ச்சியை நிறுத்தாமல் எடுக்க வேண்டியவருக்கும் ஒரே கேமராவைப் பரிந்துரைக்க முடியாது.

ஒலி எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது? திறந்த வெளியில் மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரு மடங்கானால் குரல் 6 டெசிபல் குறையும். அறையின் எதிரொலியும் மின்விசிறிச் சத்தமும் குறையாமல் அப்படியே நிற்கும். கேமரா தள்ளிப் போகப் போகக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆவது இதனால்தான். எவ்வளவு உயர்ந்த கேமராவானாலும் மேலே பதித்திருக்கும் சின்ன மைக்கால் இதைச் சரிசெய்ய முடியாது. எனவே வெளி மைக் செருக வழி உண்டா, செருகியது ஒழுங்காகப் பதிகிறதா என்று ஹெட்ஃபோனில் கேட்க வழி உண்டா என்பவை அடிப்படைத் தேவைகள்.

வெளிச்சம் யார் கையில் இருக்கிறது? விளக்கை நீங்களே வைத்துக்கொள்ள முடியுமென்றால் சின்ன சென்சாரே (வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லு) போதும். வேறொருவர் வைத்த வெளிச்சத்தில் எடுத்தாக வேண்டுமென்றால் சென்சாரின் பரப்பும் லென்ஸின் திறப்பும் முக்கியமாகிவிடும்.

கேமராவுக்குப் பின்னால் ஆள் இருப்பாரா? தன்னைத்தானே எடுத்துக்கொள்கிறவருக்கு ஃபோகஸைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. முகத்தைத் தானே பின்தொடரும் ஆட்டோ ஃபோகஸும், முன்பக்கம் திருப்பிப் பார்க்கும் திரையும் அவருக்குக் கட்டாயம்.

எடுத்த பிறகு எவ்வளவு நேரம் உட்காருவீர்கள்? வண்ணம் திருத்தி மெருகேற்றப் போகிறீர்களா, எடுத்த கோப்பை அப்படியே ஏற்றப் போகிறீர்களா? இரண்டாமவர் முதலாமவருக்கான கேமராவை வாங்கினால் பயன்படுத்தாத வசதிக்குப் பணம் கட்டியவராவார்.

4கே, 8கே என்ற அளவை வேண்டுமென்றேதான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. 4கே என்பது 3840க்கு 2160, அதாவது சுமார் 83 லட்சம் புள்ளிகள். 1080பி என்பது சுமார் 21 லட்சம். காகிதத்தில் நான்கு மடங்கு. ஆனால் போன் திரையில் பார்க்கிறவருக்கு அந்த வேறுபாடு அநேகமாகத் தெரிவதில்லை. பிறகு வெட்டிச் சட்டகத்தை மாற்றிக்கொள்ள 4கே கைகொடுக்கும், அதற்காக எடுக்கலாம். மற்றபடி நன்றாக வெளிச்சம் போட்டு எடுத்த 1080பி, மங்கலில் எடுத்த 4கேயைவிட எப்போதும் மேல்.

## சென்சார் அளவு பற்றி ஒரு நிமிடம்

கீழே திரும்பத் திரும்ப வரப்போவதால் இதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். ஏபிஎஸ்-சி அதில் பாதிக்கும் குறைவு, சுமார் 330 முதல் 370 வரை. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சுமார் 225. '1 இஞ்ச்' சென்சார் 13.2க்கு 8.8, அதாவது சுமார் 116. (பெயரில் உள்ள இஞ்ச் கணக்கு பழைய கேமராக் குழாய்க் காலத்து மிச்சம், அளந்து பார்த்தால் அந்த இஞ்ச் எங்கேயும் இருக்காது.) நல்ல போனின் முதன்மைக் கேமராவில் சுமார் 70. பல ஆக்‌ஷன் கேமராக்களிலும் எளிய கேம்கார்டர்களிலும் 30ஐச் சுற்றியே இருக்கும்.

பரப்பு பெரிதானால் மங்கலில் படம் சுத்தமாக இருக்கும், பின்னணியும் மென்மையாகக் கலங்கும். அந்தக் கலங்கலை எல்லோரும் வரமாகவே பார்க்கிறார்கள். தனியாளாக எடுக்கிறவருக்கு அதுவே சிக்கலாகவும் முடியும்: தலை சற்று முன்னே வந்தால் மூக்கு தெளிவு, கண் மங்கல். சின்ன சென்சாரில் முன்னும் பின்னும் எல்லாமே ஓரளவு தெளிவாக விழும்.

## போன்

கையில் ஏற்கெனவே இருக்கிறது என்பதே இதன் பெரிய பலம். அதற்கு அடுத்த பலம் உள்ளிருக்கும் கணினி: நடுக்கத்தை அடக்குவது, முகத்துக்கு வெளிச்சத்தைச் சரிப்படுத்துவது, வானம் வெளுத்துப் போகாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் தானாக நடக்கும். கோப்பின் எடையும் குறைவு. ஆப்பிளின் கணக்கில் ஐபோனில் 4கே, விநாடிக்கு 30 ஃபிரேம், சிக்கன வடிவில் நிமிடத்துக்கு சுமார் 170 எம்பி. மணிக்கு 10 ஜிபி. மிரர்லெஸ் கேமராவில் வழக்கமான 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் மணிக்கு 45 ஜிபி ஆகும்.

காலை வாரும் இடங்கள் மூன்று.

முதலாவது வெயில். போனின் லென்ஸ் திறப்பு பெரும்பாலான மாடல்களில் மாறாதது. உச்சி வெயிலில் வெளிச்சத்தைக் குறைக்க அதற்குத் தெரிந்த ஒரே வழி ஷட்டரை வேகமாக்குவது, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் விழும் நேரத்தைக் குறைப்பது. ஷட்டர் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனால் அசைவில் இருக்க வேண்டிய இயல்பான கலங்கல் போய்விடும். ஓடுகிறவர் துண்டுதுண்டாக வெட்டி வெட்டித் தெரிவார். 'போனில் எடுத்தது' என்று பார்த்தவுடன் தெரிவதற்கு முக்கியக் காரணம் இதுதான். போனுக்கு மாட்டும் என்டி ஃபில்டர் கிடைக்கிறது. கறுப்புக் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைக் குறைத்துக் கொடுக்கும். வாங்கினால் பணத்துக்கு மோசமில்லை. வெயிலில் இன்னொரு தொல்லை சூடு: திரை தானே மங்கும், சில சமயம் பதிவே நிற்கும்.

இரண்டாவது ஜூம். பல போன்களில் தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலி கேமராவின் சென்சார் முதன்மையைவிடச் சின்னது. மங்கலில் போன் சத்தமில்லாமல் முதன்மைக் கேமராவுக்கு மாறி, அதன் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கித் தரும். திரையில் '5 மடங்கு' என்று இருக்கும். படம் பிசுபிசுவென்று வரும்.

மூன்றாவது எடிட்டிங் மேசையில் காத்திருக்கிறது. பல போன்கள் ஃபிரேம் வேகத்தை நிலையாக வைத்துக்கொள்வதில்லை. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப 30ஐச் சுற்றி ஏறியிறங்கும். தனி ரெக்கார்டரில் பதிந்த ஒலியை அதோடு சேர்த்தால் சில நிமிடங்களில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கமாகிவிடும். நிலையான ஃபிரேம் வேகத்தில் பதியும் செயலியைப் பயன்படுத்துங்கள், அல்லது எடிட்டிங்குக்கு முன் கோப்பை ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வீச்சில் பதியும் எச்டிஆர் வீடியோவும் இப்படித்தான்: போன் திரையில் பளபளக்கும், எடிட்டிங் மென்பொருளில் போட்டால் வெளுத்துக் கிடக்கும். அந்த வசதி என்ன செய்கிறது என்று தெரியாவிட்டால் அணைத்துவைப்பது உத்தமம்.

மறைந்திருக்கும் செலவு: காலர் மைக், போனைப் பிடிக்கும் கிளாம்ப், சின்ன ட்ரைபாட், பவர் பேங்க். இவை எல்லாம் சேர்ந்தாலும் மற்ற வகைகளின் துணைச் செலவில் சிறு பங்குதான். பணமாகத் தெரியாத செலவு ஒன்று உண்டு: எடுக்கும்போது அது போனாக இருக்காது. அழைப்பு வந்தால் சில போன்களில் பதிவு நின்றுவிடும், அதனால் விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு உலகத்தோடு தொடர்பில்லாமல் இருக்க வேண்டும்.

இதுவே போதும்: சின்னச் சின்னத் துண்டுகள், பகல் வெளிச்சம், எதிரே இரண்டு மீட்டருக்குள் பேசுகிறவர், எடுத்த அன்றே ஏற்ற வேண்டிய அவசரம்.

## 1 இஞ்ச் காம்பாக்ட், பாக்கெட் கிம்பல்

சோனி 2020இல் கொண்டுவந்த இசட்வி-1 போன்றவை, டிஜேஐயின் ஆஸ்மோ பாக்கெட் 3 போன்றவை இந்தக் கூட்டம். இரண்டிலும் 1 இஞ்ச் சென்சார்தான், சுபாவம் வேறு. முதலாவதில் லென்ஸாலேயே நெருக்கும் ஆப்டிகல் ஜூமும் உள்ளேயே என்டி ஃபில்டரும் உண்டு. கையில் பிடித்து நடந்தால் ஆட்டம் தெரியும். இரண்டாவதில் கேமராத் தலையே மூன்று அச்சில் சுழன்று ஆட்டத்தை அடக்கும் கிம்பலில் நிற்பதால் நடந்துகொண்டே எடுத்தாலும் மிதப்பதுபோல வரும். ஆப்டிகல் ஜூம் கிடையாது.

இந்த வகை காலை வாருவது நீண்ட ஓட்டத்தில். உடல் சின்னது, பேட்டரி சின்னது, சூடு வெளியேற இடமில்லை. கூடுதல் பேட்டரியோ யூஎஸ்பி மின்சாரமோ இல்லாமல் அரைநாள் வேலைக்கு எடுத்துப் போக வேண்டாம். லென்ஸை மாற்ற முடியாது என்பதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். லென்ஸ் வாங்கும் நோய் வராமல் காப்பாற்றுகிறது என்றும் அதைச் சொல்லலாம். நடந்துகொண்டே பேசுகிறவர், பயணம் செய்கிறவர், போனைத் தனியாக வைத்திருக்க விரும்புகிறவர் இதை எடுத்தால் பெரும்பாலும் வருத்தப்பட மாட்டார்.

## ஆக்‌ஷன் கேமரா

தண்ணீருக்குள், ஹெல்மெட்டில், சைக்கிள் கைப்பிடியில். வேறு எதையும் அங்கே வைக்க முடியாது என்பதால் அங்கே போட்டியே இல்லை. பெரும்பாலான மாடல்களில் ஃபோகஸ் நிரந்தரமாகப் பொருத்தியது. தூரத்தில் இருப்பதெல்லாம் தெளிவு, முகத்துக்கு மிக அருகே வைத்தால் மங்கல். நடுக்கத்தை மென்பொருளால் அடக்குகிறது என்பதால் மங்கலில் ஒரு விசித்திரம் நடக்கும்: சட்டகம் அசையாமல் நிற்கும், ஆனால் ஒவ்வொரு ஃபிரேமுக்குள்ளும் இழுபட்ட கலங்கல் துடிக்கும். மாலைக்குப் பிறகு இதை எடுக்க வேண்டாம். முதல் கேமராவாக வாங்கவும் வேண்டாம்.

## மிரர்லெஸ்

கேட்பவர்களில் பாதிப்பேர் மனத்துக்குள் ஏற்கெனவே இதை வாங்கிவிட்டவர்கள், சம்மதத்துக்குத்தான் கேட்கிறார்கள். ஆகவே இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

படத் தரத்தில் இதற்கு மேல் இந்தப் பட்டியலில் எதுவும் இல்லை. பெரிய சென்சார், மாற்றக்கூடிய லென்ஸ், கண்ணைப் பின்தொடரும் ஃபோகஸ், பல மாடல்களில் மைக், ஹெட்ஃபோன் இரண்டுக்கும் துளை. 10-பிட் பதிவு இருந்தால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 1024 படிகள், 8-பிட்டில் 256தான். அந்தி வானத்தின் வண்ணத்தைத் திருத்தும்போது 8-பிட் கோப்பில் வானம் வளையம் வளையமாகப் பிரியும், 10-பிட்டில் பிரியாது. லாக் எனப்படும் சாம்பல் பூத்த வடிவத்தில் எடுக்க விரும்புகிறவர் 10-பிட் இல்லாத கேமராவை வாங்காமலிருப்பது நல்லது. வண்ணம் திருத்தும் எண்ணமே இல்லாதவருக்கு லாகும் வேண்டாம், அதற்கான கூடுதல் விலையும் வேண்டாம்.

இனி காலை வாரும் இடங்கள்.

சூடு. அழகான சின்ன உடலுக்குள் பெரிய சென்சார் தொடர்ந்து வேலை செய்தால் சூடு எங்கே போகும்? 2020இல் கேனன் ஆர்5 வந்தபோது 8கேயில் சுமார் 20 நிமிடம்தான் ஓடும் என்று கேனனே அறிவித்தது. அதுவும் 23 டிகிரி அறையில். வெப்பமான இடத்தில் அந்தக் கணக்கு இன்னும் சுருங்கும். பேனசோனிக் எஸ்1எச், சோனி எஃப்எக்ஸ்3 போன்றவற்றில் உள்ளேயே விசிறி வைத்திருப்பது இதற்காகத்தான். விசிறி இல்லாத கேமராவில் நீண்ட நேரம் எடுக்க வேண்டுமென்றால் 4கே 60 ஃபிரேமிலிருந்து 30க்கோ 1080பிக்கோ இறங்குங்கள், திரையை உடலிலிருந்து விலக்கி வையுங்கள், வெயிலில் நிழல் கொடுங்கள்.

29 நிமிடம் 59 விநாடி. பழைய மாடல்கள் பலவற்றில் பதிவு இந்தக் கணக்கில் சட்டென்று நிற்கும். இது பழுது அல்ல. 30 நிமிடமோ அதற்கு மேலோ விடாமல் பதியும் கருவியை ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க வகைப்பாடு வீடியோ கேமராவாகக் கருதிக் கூடுதல் வரி போட்டது. தயாரிப்பாளர்கள் ஒரு விநாடி முன்னதாக நிறுத்திக்கொண்டார்கள். பின்னால் வந்த புதிய மாடல்கள் பலவற்றில் இந்த வரம்பு இல்லை. பயன்படுத்தியதை வாங்குகிறவர் மட்டும் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

சாய்வு. சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. படிக்கும் வேகம் குறைந்த மாடல்களில், கேமராவை விரைவாகத் திருப்பினால் நேரான தூண் சாய்ந்து தெரியும். நடந்தால் காட்சி கூழ்போல ஆடும். விவரப் பட்டியலில் இந்த எண் பெரும்பாலும் இருக்காது, மாதிரி வீடியோவில்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வெட்டு. சில மாடல்கள் 4கேக்குப் போனால் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும். 2018இல் வந்த கேனன் எம்50 இதற்குப் பேர்போனது: 4கேயில் சட்டகம் சுருங்கும், டூயல் பிக்ஸல் எனப்படும் கேனனின் வேகமான ஆட்டோ ஃபோகஸும் வேலை செய்யாது. பெட்டியில் '4கே' என்று அச்சிட்டிருப்பது உண்மைதான். வாங்கியவர் 1080பியில்தான் எடுப்பார்.

ஃபோகஸ் முறை. பேனசோனிக் தன் மிரர்லெஸ் கேமராக்களில் ஃபேஸ் டிடெக்‌ஷன் ஃபோகஸைக் (முகத்தை அடையாளம் காண்பது அல்ல; ஃபோகஸ் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று சென்சாரே அளந்து சொல்லும் முறை) கொண்டுவந்தது 2023இல்தான். அதற்கு முந்தைய ஜிஎச் வரிசை வீடியோவுக்குப் பிரமாதமான கருவி. ஜிஎச்4 2014லேயே 4கேயை உள்ளேயே பதிந்தது. ஆனால் தன்னைத்தானே எடுத்துக்கொள்கிறவருக்கு அந்தக் கேமராக்களில் பின்னணி மூச்சு விடுவதுபோல உள்ளே வெளியே போய்வரும். ஃபோகஸைக் கையால் திருப்பத் தெரிந்தவர் கவலையில்லாமல் வாங்கலாம்.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான் உண்மையில் கூடுகிறது. உடலோடு வரும் கிட் லென்ஸ் ஜூம் செய்தால் எஃப்/3.5இலிருந்து எஃப்/5.6க்குச் சுருங்கும் (எஃப் எண் கூடினால் லென்ஸின் திறப்பு சின்னது). எஃப்/1.8 லென்ஸ் அந்த எஃப்/5.6ஐவிட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். கேமரா உடலை ஒரு படி உயர்த்துவதைவிட இந்த லென்ஸ் பெரிய மாற்றத்தைத் தரும் என்பதால், பட்ஜெட்டை உடலுக்குப் பாதி, மற்ற எல்லாவற்றுக்கும் பாதி என்று பிரிக்கச் சொல்வேன்.

அடுத்தது என்டி ஃபில்டர். விநாடிக்கு 25 ஃபிரேமில் எடுக்கும்போது ஷட்டரை 1/50இல் வைத்தால்தான் அசைவு இயல்பாக இருக்கும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100இல் அப்படி வைத்தால் லென்ஸை எஃப்/22 வரை மூட வேண்டிவரும். எஃப்/2.8க்குத் திறந்து பின்னணியைக் கலக்க ஆசைப்பட்டால் 6 ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை 64இல் ஒரு பங்காக்கும் ஃபில்டர் வேண்டும். லாகில் எடுத்தால் பல கேமராக்களில் ஐஎஸ்ஓ 100க்கே இறங்க முடியாது என்பதால் இன்னும் கறுப்பான ஃபில்டர் தேவைப்படும்.

மெமரி கார்டில் வி30 என்றால் விநாடிக்கு குறைந்தது 30 எம்பி எழுதும் உத்தரவாதம், வி60 என்றால் 60, வி90 என்றால் 90. 100 மெகாபிட் பதிவுக்கு விநாடிக்கு 12.5 எம்பிதான் தேவை, வி30 தாராளம். கடைக்காரர் வி90ஐ நீட்டினால் உங்கள் கேமராவின் பதிவு வேகத்தை 8ஆல் வகுத்துப் பாருங்கள்.

கடைசியாக, யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவு: கணினி. எச்.265 என்ற சுருக்க வடிவத்தில் 4:2:2 (வண்ண விவரம் கூடியது), 10-பிட் கோப்பை இயக்க வன்பொருள் உதவி இல்லாத கணினிகள் ஏராளம். அவற்றில் போட்டால் காட்சி நின்று நின்று நகரும். கேமராவுக்காகக் கணினியை மாற்ற வேண்டிவந்தால் அந்தச் செலவையும் கேமராக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

இது சரியான தேர்வாகும் இடம்: வெளிச்சத்தைக் கட்டுப்படுத்த முடியாத இடங்கள், குறும்படம், நேர்காணல், புகைப்படமும் எடுக்க வேண்டிய நிகழ்ச்சிகள், எடிட்டிங்கை வேலையாகவே எடுத்துக்கொண்டவர்கள்.

## பயன்படுத்திய டிஎஸ்எல்ஆர்

2008இல் முதலில் நிக்கான் டி90, சில வாரங்களிலேயே கேனன் 5டி மார்க் 2 என்று வந்தபோது இவைதான் சிறு படக்குழுக்களின் தலையெழுத்தை மாற்றின. டி90 தந்தது 720பி, 5டி மார்க் 2 தந்தது 1080பி. அதிலும் 4 ஜிபி கோப்பு வரம்பால் சுமார் 12 நிமிடத்தில் பதிவு நிற்கும். இன்று இந்த வகை மலிவாகக் கைமாறுகிறது.

வாங்கலாமா என்றால், ஒரு நிபந்தனையோடு. வீடியோ எடுக்கும்போது கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும், வியூஃபைண்டர் இருண்டுவிடும். டிஎஸ்எல்ஆரின் பெருமையான வேக ஃபோகஸ் அந்தக் கண்ணாடி வழியில்தான் இருக்கிறது. எனவே வீடியோவில் பழைய மாடல்கள் ஃபோகஸைத் தேடித் தேடி முன்னும் பின்னும் அலையும். கேனன் 2013இல் 70டியோடு கொண்டுவந்த டூயல் பிக்ஸல் முறைதான் இதை மாற்றியது. அந்த முறை உள்ள கேனன் மாடல் என்றால் சரி. மற்றவை ட்ரைபாடில் ஓரிடத்தில் உட்கார்ந்து பேசுகிறவரை எடுக்க மட்டுமே. வீட்டில் ஏற்கெனவே அதற்கான லென்ஸ்கள் இருந்தால் கணக்கு கொஞ்சம் சாதகமாகும். இல்லாவிட்டால் புதிய மாடல் வராத வரிசையில் பணம் போடுவதற்குக் காரணம் விலை ஒன்றுதான்.

## கேம்கார்டர்

ஃபேஷன் போய்விட்டது, வேலை போகவில்லை. ஒன்றரை மணி நேர மேடை நிகழ்ச்சி, வகுப்பு, கருத்தரங்கு, விளையாட்டு என்றால் நான் முதலில் கேட்பது "கேம்கார்டர் கிடைக்குமா?" என்றுதான்.

இது வீடியோவுக்கென்றே பிறந்தது. சூடாகி நிற்காது, அரைமணிக் கெடு கிடையாது. பல மாடல்களில் இரண்டு கார்டு. ஒன்று நிறைந்ததும் பதிவு அறுபடாமல் அடுத்ததற்குத் தாவும். விரலால் அழுத்தும் அளவுக்கேற்ப மெதுவாகவோ விரைவாகவோ நகரும் மோட்டார் ஜூம் உண்டு. கடைசி வரிசையிலிருந்து மேடையில் ஒருவர் முகத்துக்கு நெருங்கிப் போனாலும் ஃபோகஸ் விலகாமல் பார்த்துக்கொள்ளும். புகைப்பட லென்ஸில் ஜூம் செய்தால் ஃபோகஸ் விலகுவதும் வெளிச்சம் படிக்கட்டாகக் குறைவதும் சாதாரணம். விலை கூடிய மாடல்களில் எக்ஸ்எல்ஆர் எனப்படும் தொழில்முறை ஒலித் துளை இருப்பதால் மேடையின் ஒலிப் பலகையிலிருந்து நேரடியாகக் கம்பி இழுக்கலாம், 48 வோல்ட் மின்சாரம் கேட்கும் மைக்கையும் செருகலாம். ஏவிசிஎச்டி வடிவத்தில் அதிகபட்ச 28 மெகாபிட்டில் எடுத்தாலும் மணிக்கு 13 ஜிபிக்குள்தான். 64 ஜிபி கார்டில் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம்.

இது காலை வாருவது இருட்டில். எளிய மாடல்களில் சென்சார் போனின் முதன்மைக் கேமராவைவிடச் சின்னது. விளக்கு குறைந்தால் கறுப்புப் பகுதிகளில் பொரி கிளம்பும், முகத்தில் வண்ணம் வடியும். 1 இஞ்ச் சென்சார் உள்ள மாடல் இதைப் பெருமளவு தீர்க்கும்; எடையும் விலையும் ஏறும். பின்னணி கலங்கிய 'சினிமா' தோற்றத்தை இதில் எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். உடைந்தால் உதிரிப் பாகம் கிடைக்குமா, பேட்டரி இன்னும் விற்கிறார்களா என்பதையும் பயன்படுத்தியதை வாங்குமுன் விசாரியுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வகை | நீண்ட ஓட்டம் | மங்கலில் படம் | ஒலி வசதி | துணைச் செலவு | காலை வாரும் இடம் |
|---|---|---|---|---|---|
| போன் | சுமார் | சுமார் | மைக் வாங்கினால் நன்று | குறைவு | உச்சி வெயில், ஜூம் |
| 1 இஞ்ச் காம்பாக்ட், கிம்பல் | குறைவு | நன்று | மைக் இணைக்கலாம் | குறைவு | பேட்டரி |
| ஆக்‌ஷன் கேமரா | குறைவு | மோசம் | சுமார் | குறைவு | மாலைக்குப் பிறகு எல்லாமே |
| மிரர்லெஸ் | மாடலைப் பொறுத்தது | மிக நன்று | நன்று | மிக அதிகம் | சூடு, கணினி |
| பழைய டிஎஸ்எல்ஆர் | குறைவு | நன்று | சுமார் | லென்ஸ் இருந்தால் குறைவு | ஃபோகஸ் |
| கேம்கார்டர் | மிக நன்று | எளிய மாடலில் மோசம் | மிக நன்று | குறைவு | இருட்டு |

## யாருக்கு எது

உட்கார்ந்த இடத்தில் பேசிப் பாடம் நடத்துகிறவருக்கு, கையிலுள்ள போன், காலர் மைக், முகத்துக்கு ஒரு விளக்கு. இந்த மூன்றையும் வைத்துச் சில மாதங்கள் எடுத்த பிறகும் எது போதவில்லை என்று உங்களால் குறிப்பாகச் சொல்ல முடிந்தால் மட்டும் கேமராக் கடைக்குப் போங்கள்.

நிகழ்ச்சிகளை முழுதாகப் பதிய வேண்டியவருக்குக் கேம்கார்டர். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் என்றால் வாங்கவே வேண்டாம், வாடகைக்கு எடுங்கள்.

நடந்துகொண்டே எடுப்பவருக்குப் பாக்கெட் கிம்பல்.

குறும்படம், நேர்காணல், அடுத்தவர் பணத்துக்கு எடுக்கும் வேலை என்றால் மிரர்லெஸ். இங்கே ஃபுல் ஃபிரேமா ஏபிஎஸ்-சியா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஏபிஎஸ்-சி உடலும் எஃப்/1.8 லென்ஸும், ஃபுல் ஃபிரேம் உடலும் கிட் லென்ஸும் ஒரே விலையில் வந்தால் முதலாவதை எடுங்கள்.

இரண்டும் கலந்த வேலை உள்ளவர், உதாரணமாக மேடையையும் எடுக்க வேண்டும், குறும்படமும் எடுக்க வேண்டும் என்பவர், நீண்ட ஓட்டத்துக்குப் பெயர் வாங்கிய மிரர்லெஸ் மாடலைத் தேட வேண்டும். பேட்டரிக்குப் பதிலாகச் செருகும் போலிப் பேட்டரியோ, எடுத்துக்கொண்டிருக்கும்போதே யூஎஸ்பி-சி வழியாக மின்சாரம் வாங்கும் வசதியோ அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எதை முடிவு செய்தாலும், பணம் கொடுக்குமுன் அதே மாடலை ஒருநாள் வாடகைக்கோ இரவலுக்கோ வாங்கி ஒரு முழு நீளச் சோதனை செய்யுங்கள். நீங்கள் உண்மையில் எடுக்கப் போகும் அளவில், உண்மையான நேரத்துக்கு, அறையின் மின்விளக்கை மட்டும் போட்டுவிட்டு ஓடவிடுங்கள். மின்விளக்கின் கீழே படத்தில் பட்டை பட்டையாக ஓடினால் ஷட்டரை மாற்ற வேண்டும்: 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120. பிறகு அந்தக் கோப்பை உங்கள் சொந்தக் கணினியில் போட்டு, நடுவே பத்து இடங்களில் வெட்டி ஒட்டி, ஒலியை ஹெட்ஃபோனில் கேளுங்கள். கடைக்காரரின் திரையில் ஓடும் மாதிரி வீடியோவில் சூடும், திணறும் கணினியும், தூரத்துக் குரலும் ஒருபோதும் தெரியாது.